பாறை ஏறும் வண்டியும் தம்பி பெண்டாட்டியும்

என் தம்பி கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் சுவர்க்கடிகாரம் மட்டுமே ஏழு. மிச்சமெல்லாம் குத்துவிளக்கு, டின்னர் செட், ஹாட் பாக்ஸ். அவற்றுக்கு நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவனுடைய பாலிடெக்னிக் நண்பன் மேடைக்கே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தது. சுற்றியிருந்த ஜிகினாத்தாள் ஓரத்தில் கிழிந்து, குண்டு குண்டாக டயர் வைத்த ஒரு வண்டியின் படம் தெரிந்தது. பந்தியில் சாம்பார் போதவில்லை என்று சமையல்காரரிடம் சண்டை போட்டுவிட்டு அப்போதுதான் நான் மேடைப் பக்கம் வந்தேன். படத்தைப் பார்த்ததுமே அது என்ன என்று தெரிந்துவிட்டது. சட்டென்று தம்பியைப் பார்த்தேன். அவனும் என்னைத்தான் தேடுவான் என்று நினைத்தேன். அவனோ பக்கத்தில் மாலையோடு நின்ற பெண்ணிடம் குனிந்து, "நான் சொன்னேன்ல, அது இதான்" என்றான்.

அந்த இடத்திலேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். சாப்பிட்ட பிறகும் எரிந்தது.

இப்படி எரிந்ததற்குக் காரணம் உண்டு. ரிமோட்டில் ஓடும் கார் என்றால் எல்லாருக்கும் சர்ரென்று சீறிக்கொண்டு போகிற பொம்மைதான் ஞாபகம் வரும். இது அந்த ஜாதி இல்லை. மனிதர் நடக்கிற வேகம்கூடப் போகாது. ஆனால் செங்குத்தான பாறையைக் காட்டினால் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஏறும். கடையில் முழுசாகக் கிடைக்காது. பாகம் பாகமாக வரும், நாம்தான் பூட்ட வேண்டும். ரெண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த அந்தக் காலத்தில் ஆம்பூரில் யாரும் இதைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை. நானும் தம்பியும் மட்டும் பார்த்திருந்தோம், பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில். ரெண்டு வருஷம், சனிக்கிழமை தவறாமல், ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, படம் மெதுமெதுவாக மேலிருந்து கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். எந்த ஆக்சில் நல்லது, எங்கே எடை வைத்தால் கவிழாது என்று பஸ் ஸ்டாண்டு வரை வாக்குவாதம் செய்துகொண்டே நடப்போம்.

அவன் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. மெஷின், மானிட்டர் எல்லாம் ரிப்பேர் பார்ப்பவன். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் சூப்பர்வைசர். எனக்கு அவன் ஐந்து வயது சின்னவன். வரன் வந்து, வந்தவன் போய், அப்புறம் யாரும் வராமலே முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டேன். அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது, நிஜமாகவே. சின்ன வயசிலிருந்தே ரேடியோவைப் பிரித்தாலும் மிக்சியைப் பிரித்தாலும் நாங்கள் ரெண்டு பேரும்தான். பிரித்ததை மறுபடி பூட்டத் தெரியாமல் அம்மாவிடம் திட்டு வாங்கியதும் ரெண்டு பேரும்தான்.

கல்யாணம் முடிந்து பத்து நாள் பெட்டி பீரோ மேலேயே இருந்தது. விருந்து, மறுவீடு என்று அவர்களுக்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை திறப்போம் என்று நானே மனசுக்குள் நாள் குறித்துவிட்டேன். சின்ன ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்று வாங்கினேன், நுனி வளைந்த இடுக்கி ஒன்று வாங்கினேன். கம்பெனியில் உடன் வேலை செய்கிறவர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைகிறேன், ஹாலில் பாய் விரித்து ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. நடுவில் என்னுடைய இட்லித் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு அளவு ஸ்க்ரூ.

"வாக்கா, இன்னிக்கு அரை நாள் லீவு. சும்மா பிரிச்சிப் பார்த்தோம்" என்றான்.

"சும்மா பிரிச்சதுக்கா ரெண்டு ஆக்சில் முடிஞ்சிருக்கு?"

"இவ சரசரன்னு மாட்டிட்டாக்கா! நான் எடுத்துக் குடுக்கறதுக்குள்ள அடுத்தது கேக்கறா."

இட்லித் தட்டில் ஸ்க்ரூ பிரித்து வைத்தது அவள் யோசனை. நல்ல யோசனைதான். நல்ல யோசனையாக இருந்ததால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்கு இட்லிய எதுல ஊத்தறது, என் தலையிலயா?" என்று கத்திவிட்டு உள்ளே போனேன். ஸ்க்ரூடிரைவர் செட்டைக் கைப்பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

அவள் குடியாத்தத்துப் பெண். அப்பாவுக்குப் பவர்லூம் கொட்டகை, லுங்கி நெசவு. ஓடுகிற தறியில் இழை அறுந்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டு வளர்ந்தவள். சும்மா சொல்லக்கூடாது, அந்த விரல்கள் விரல்களே இல்லை, ஊசி. கடுகு சைஸ் ஸ்க்ரூவை நகநுனியில் நிறுத்தி ஓட்டைக்குள் வைப்பாள். நானும் என் கையைப் பார்த்துக்கொள்வேன். பதினான்கு வருஷம் சோல் ஒட்டும் சொல்யூஷன் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் காய்த்து, வழவழவென்று ரேகையே இல்லாமல் இருக்கும். ஒரு நாள் நானும் மாட்டிப் பார்த்தேன், என் கையிலிருந்து அந்த ஸ்க்ரூ ரெண்டு தரம் கீழே விழுந்தது. "பரவால்ல அண்ணி, நான் எடுக்கறேன்" என்று அவள் குனிந்தாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்டதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். கிடைக்காமலா போகும்? இரும்பில் இறங்குகிற ஸ்க்ரூவுக்கெல்லாம் லாக் சொல்யூஷன் ஒரு சொட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் கழன்றுவிடும். "வச்சீங்களா?" என்றேன். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். கியர் பாக்ஸை முழுக்கக் கழற்றி மறுபடி பூட்ட ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது. ஆனால் கழற்றும்போதும் பூட்டும்போதும் அவர்கள் ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்புறம்தான் உறைத்தது, அவர்களுக்கு இன்னொரு சாயங்காலத்தை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்று.

வண்டி தயாரானதும் பைபாஸைத் தாண்டி இருக்கிற ஒரு பாறைக்குன்றுக்குப் போனோம். நம் பக்கத்தில் பாறைக்கா பஞ்சம்! மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டர், நான் கடைசியில், வண்டி என் மடியில். அங்கே ஆள் உயரத்துக்குச் சரிவாக ஒரு பாறை இருந்தது. மேலே போகப்போகச் செங்குத்தாகி, முடிவில் ஒரு சாண் உயரத்துக்குப் படி மாதிரி நிற்கும். அந்தப் படியை ஏற வைப்பதுதான் தம்பியின் லட்சியம். முதல் நாள் பாதியிலேயே வண்டி மல்லாந்தது. அடுத்த ஞாயிறு பேட்டரியை முன் ஆக்சில் மேலே மாற்றினான். அதற்கடுத்த ஞாயிறு, கார் வீல் பேலன்ஸ் பார்க்கும் கடையிலிருந்து பழைய ஈயத்துண்டுகள் வாங்கி முன் சக்கரங்களுக்குள் ஒட்டினான். டயருக்குள் வைக்கிற ஸ்பாஞ்ச் ரொம்ப மெத்தென்று இருந்தது. நான் கம்பெனியில் கழித்துப்போட்ட இன்சோல் ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி வந்து, உள்ளே கெட்டி, வெளியே மெத்து என்று ரெண்டடுக்காக வெட்டிக் கொடுத்தேன். அதை மாட்டிய அன்று வண்டி முக்கால் பாறை ஏறியது. "அக்கா கைய வச்சா கதையே வேற" என்றான். நாலு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன்.

ஆனாலும் படிக்குக் கிட்டே போனதும் வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கிவிடும். ஸ்பிரிங் விரிந்து, மூக்கு வானத்தைப் பார்த்து, அப்படியே பின்னால் விழும். இன்னும் ஈயம் வைக்கலாம் என்றான் தம்பி. பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றலாம் என்றேன் நான். அவள் பாறை ஓரம் குந்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, முன்னாடி ஸ்பிரிங்கு ஜாஸ்தி விரியுதில்ல? அத விரிய உடாம ஒரு கயிறு போட்டுக் கட்டிட்டா?"

தம்பி வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தான். அவள் பையிலிருந்து ஒரு துண்டு நைலான் கயிறு எடுத்தாள், அப்பாவின் தறிக்கொட்டகைக் கயிறு. ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் நடுவே இழுத்து முடிச்சுப் போட்டாள். நழுவாத, இறுக்கிய இடத்திலேயே நிற்கிற முடிச்சு. வண்டியை விட்டான். மூக்கு தூக்கவில்லை. படியில் முன் சக்கரம் ரெண்டும் தொற்றி நின்று, டயர் வழுக்கி, மெதுவாக இறங்கியது. ஏறவில்லைதான், ஆனால் விழவும் இல்லை.

"கில்லாடிடி நீ!" என்று குதித்தான்.

கில்லாடி என் பட்டம். அவனுடைய பன்னிரண்டு வயசில் ரேடியோவுக்கு நான் ஏரியல் செய்து கொடுத்த நாளிலிருந்து அது எனக்கு மட்டும் சொந்தம். ஒரு முழக் கயிற்றுக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். ஆமாம், எனக்குப் பொறாமை. அவள் மேல் பொறாமை, அந்த முடிச்சு மேல் பொறாமை, எனக்கு அது தோன்றவில்லையே என்று என் மேலேயே கடுப்பு. வீட்டுக்கு வரும்போது வண்டியை மடியில் வைத்துக்கொள்ள முடியாது, கால் மரத்துப்போகிறது என்று சொல்லிவிட்டேன். அவள் வாங்கி அணைத்துக்கொண்டாள்.

மே மாசம் சிங்கப்பூர் நண்பன் லீவில் வந்தான். வரும்போது இன்னும் மெத்தென்ற நாலு டயர் கொண்டு வந்து கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை பாறைக்கு வருவதாகச் சொன்னான். அவன் கொடுத்த வண்டி அவன் கண் முன்னால் படி ஏற வேண்டும் என்று தம்பிக்கு ஒரே பரபரப்பு. டயரை ரிம்மில் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரிம் மட்டும் சுற்றும். பெட்டியோடு வந்த பசை நம் ஊர் வெயிலில் கல்லாகிவிட்டிருந்தது.

"அக்கா ஒட்டும். அதவிட இன்னா வேணும்?" என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் டயரையும் ரிம்மையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, முறத்தில் பரப்பி மொட்டை மாடியில் காயவைத்து, என்னிடம் கொண்டு வந்தாள். "சுத்தமா காஞ்சிருச்சி அண்ணி. நீங்க ஒட்டிக் குடுங்க. உங்க கை பட்டா பிரியாதுன்னு அவர் சொல்லிட்டே இருக்கார்."

என் தம்பி வண்டியை ஒட்டச் சொல்லி எனக்கு இவள் ஆர்டர் போடுகிறாளா என்றுதான் என் காதில் விழுந்தது. அப்புறம் ரெண்டு பேரும் மேட்னிக்குக் கிளம்பினார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணி, நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டாள். செருப்பு மாட்டிய பிறகு கேட்கிற கேள்வியா அது?

ஷூவுக்குச் சோல் ஒட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. ரெண்டு பக்கமும் உரசி, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, சூடு காட்டி, சேர்த்து அழுத்த வேண்டும். சொல்யூஷனில் கொஞ்சம் ஹார்ட்னர் கலப்பது ரொம்ப முக்கியம். கலக்காமலும் ஒட்டும், இழுத்துப் பார்த்தாலும் வராது, யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மறுபடி நல்ல சூடு பட்டால் இளகிவிடும். ஹார்ட்னர் இல்லாத ஷூ கப்பல் கன்டெய்னர் சூட்டிலேயே வாயைப் பிளக்கும் என்று புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே என் வேலை.

அன்றைக்கு ரிம்மை உரசினேன். சொல்யூஷன் தடவினேன். தோசைக்கல்லைக் காயவைத்து அதன் மேலே பிடித்துச் சூடு காட்டினேன். டயரைச் சேர்த்து, சைக்கிள் டியூப் வாரால் இறுக்கிக் கட்டினேன். ஹார்ட்னர் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. அதை நான் திறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை வருஷத்தில் என்னிடமே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. பாட்டிலைக் கையில் எடுத்து, பார்த்து, வைத்தேன். நாளைக்கு அவர்கள் ரெண்டு பேரும் அந்தப் பாறை மேல் குதிக்கக்கூடாது, அவ்வளவுதான் என் ஆசை.

ஞாயிறு, நண்பன் வந்து சேரவே பதினொரு மணி ஆகிவிட்டது. அக்னி நட்சத்திர வெயில். பாறை மேல் கை வைக்க முடியவில்லை. "சாயங்காலம் வரலாமே" என்று அவள் சொன்னாள். நான் பேசாமல் இருந்தேன். தம்பி கேட்கிற நிலைமையில் இல்லை. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு பாறைக்குப் பக்கவாட்டில் நின்றான்.

வண்டி அழகாக ஏறியது. புது டயர் பாறையைக் கவ்விக் கவ்விப் பிடித்தது. பாதி, முக்கால், படி. முன் சக்கரம் ரெண்டும் படிமேல் தொற்றின. நண்பன் கைதட்டத் தொடங்கினான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அண்ணி, ஏறுது அண்ணி" என்று இறுக்கினாள். அப்போது வலது முன் டயர், சோல் பிரிந்த செருப்பு மாதிரி வாயைப் பிளந்தது. ரிம் மட்டும் கரகரவென்று சுற்றியது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, பாறையில் மோதி மோதி உருண்டு கீழே வந்து விழுந்தது. மேல்கூடு ரெண்டாக விரிந்துவிட்டது. சக்கரத்தைத் திருப்புகிற மோட்டாரின் கை ஒடிந்து தொங்கியது.

தம்பி வண்டியைக் கையில் எடுத்து டயரைப் பார்த்தான். மற்ற மூன்றையும் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தான், மூன்றும் இளகிப் பிரிந்தன. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை, அவள் பக்கம் திரும்பினான்.

"ரிம்ம காய வச்சியா, இல்ல ஈரத்தோட குடுத்தியா?"

"காய வச்சங்க. ஒரு மணி நேரம் மாடில இருந்திச்சி."

"சோப்பு போவல. இல்லன்னா எண்ணெ கைய வச்சிருப்ப. அக்கா ஒட்டுனது எப்டி பிரியும்? எங்கக்கா ஒட்டுனது ஜென்மத்துக்கும் பிரியாது. ஒரு வேல ஒழுங்கா செய்யத் தெரில, எல்லாம் பேஜாராய்டுச்சி!"

நண்பன் முன்னால் இப்படிக் கத்தினான். கல்யாணமாகி மூன்று மாசத்தில் அவன் அவளிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இதைத்தானே ஆசைப்பட்டேன்?

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழுதாள், ஆனால் கூடவே பொங்கினாள்.

"ஆமாங்க, நான் கழுவுனதுதான் தப்பு! எது ஒடஞ்சாலும் நான்தான் தப்பு. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேந்து பார்க்கறேன், எதத் தொட்டாலும் அக்கா இப்டி செய்யும், அக்கா அப்டி செய்யும். குழம்பு வச்சாலும் அக்கா, ஸ்க்ரூ போட்டாலும் அக்கா! ஒரு நாளாவது நான் செஞ்சத அக்காகிட்ட காட்டாம நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? அவங்க மாரி வரணும்னா நான் இன்னொரு ஜென்மம்தான் எடுக்கணும்!"

மூன்று மாசமாக நான் யாரைப் பார்த்து வெந்து செத்தேனோ, அவள் என்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறாள். என் இடத்தை அவள் எடுத்துக்கொண்டாள் என்று நான் நினைத்த அத்தனை நாளும் அந்த இடம் என்னிடமே பத்திரமாக இருந்திருக்கிறது. ஐயோ, எவ்வளவு பெரிய மடச்சி நான்!

பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்தால் அந்த இடம் அப்படியே இருந்திருக்கும். தம்பி சாயங்காலத்துக்குள் அவளைச் சமாதானப்படுத்தியிருப்பான். யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சூடான பாறையில் குந்தி, சிதறிய ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். விரல் சுட்டதோ என்னவோ, எடுத்ததை ஊதி ஊதி உள்ளங்கையில் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"அவள ஏண்டா திட்ற? அவ ஒழுங்காதான் கழுவிக் குடுத்தா. நான்தான் ஹார்ட்னர் போடல."

"மறந்துட்டியாக்கா? பரவால்ல உடு." உடனே அவன் குரல் இறங்கிவிட்டது. எனக்கென்றால் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது!

"மறக்கல. வேணும்னுதான் போடல."

நண்பன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டான். தம்பி கொஞ்ச நேரம் புரியாமல் சிரிக்கப் பார்த்தான். அப்புறம் சிரிப்பு நின்றது.

"இன்னாத்துக்குக்கா?"

"பொறாமடா. இவ மேல."

அவள் ஸ்க்ரூ பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, பரிதாபமா, எனக்குத் தெரியவில்லை. என்னால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. தம்பி போய் அவள் பக்கத்தில் குந்தினான். ரெண்டு பேரும் சேர்ந்து மிச்ச ஸ்க்ரூக்களைப் பொறுக்கினார்கள். நானும் குனிந்து, என் காலடியில் கிடந்த டயரை எடுத்து நீட்டினேன். "குடுடா, கம்பெனிலேந்து வேற சொல்யூஷன் எடுத்தாந்து நல்லா ஒட்டித் தர்றேன்" என்றேன்.

அவன் டயரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் கத்தவில்லை.

"வேணாங்க்கா, உடு," என்றான். "இனிமே நாங்களே ஒட்டிக்கறோம்."